அப்பா போட்ட ஒன்று

அப்பா இறந்து இருபதாம் நாள் அவருடைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பிரிவு அலுவலர் பேசினார். முதலில் அம்மாவின் உடம்பைப் பற்றிக் கேட்டார். அடுத்து என் உடம்பைப் பற்றி. மூன்றாவதாகத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க அப்பாவோட கள நோட்டு ஒண்ணு வீட்ல இருக்கணும்மா. பச்சை அட்டை. அது இல்லாம அறிக்கை முடியாது. பத்து நாள்ல குழு கூடுது."

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் கடைசியாகப் போட்டிருந்த மழைக்கோட்டின் உள்பையில். கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அம்மாவும் நானும் இருபது நாளாக அந்தக் கதவைப் பாதிதான் திறந்தோம்.

அப்பாவின் வேலையை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு எப்போதும் இரண்டு தடவை ஆகும். அரசின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி மானியத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஏரி, மண், காற்று, குப்பை என்று எதையாவது ஆராய விரும்புகிறவர்கள் விண்ணப்பிப்பார்கள். கிடைத்தால் மூன்று ஆண்டு ஓடும். முடிந்ததும் தடித்தடியாக அறிக்கை அனுப்புவார்கள். எந்த அறிக்கையிலும் திட்டம் தோற்றிருக்காது. அதனால் ஓர் ஆளை நேரில் அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ஆள் அப்பா.

அவர் பெரிய படிப்புப் படிக்கவில்லை. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவராகத் தொடங்கினார். முப்பத்தொரு வயதில் துறைக்குள் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். முனைவர்களையெல்லாம் "சார்", "மேடம்" என்றே கூப்பிடுவார். கூப்பிட்டுக்கொண்டே அவர்களுடைய திட்டத்தின் கழுத்தில் கத்தியும் வைப்பார்.

அவருக்கு ஒரு வழி இருந்தது. எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் முதலில் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைக் கேட்பார். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாக எழுதுவார்கள். கடைசியாக எழுதிய பக்கத்தில் என்ன தேதி இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். அதற்குப் பிறகு கருவியைப் பார்ப்பார். அதன் பிறகு காவலாளியோடு டீ குடிப்பார். தலைமை ஆராய்ச்சியாளரைக் கடைசியில் பார்ப்பார், அதுவும் மரியாதைக்கு. ஊர் ஊராக இருந்த ஆராய்ச்சிக்காரர்கள் அவருக்குக் 'கடைசிப் பக்கத்தார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை ஒரு மழைமானியில் பூச்செடி நட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். "செடி நல்லா வளர்ந்திருக்கு. மழை மட்டும்தான் அளக்க முடியல," என்றார். அதற்கு மேல் அவருக்குச் சிரிக்கத் தெரியாது.

கள நோட்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நாலைந்து வரி. கீழே ஓர் எண். ஒன்று முதல் ஐந்து வரை.

இந்த எண்களைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

அப்பா வேலையில் சேர்ந்த காலத்துப் படிவத்தில் ஒன்று என்றால் மிகச் சிறந்தது, ஐந்து என்றால் மோசம். வகுப்பில் முதல் ராங்க் மாதிரி. அவர் கையும் கண்ணும் அதற்குப் பழகிவிட்டன. வீட்டிலும் எல்லாவற்றுக்கும் எண் போடுவார். பல் மருத்துவர், 4. புதுக் குடை, 2. அம்மா ஸ்கூட்டர் ஓட்டி அவர் பின்னால் உட்கார்ந்து வந்த நாளில் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதியிருந்தார்: "4. உயிருடன் வந்தேன்."

நான் பத்தாம் வகுப்பில் ஒரு காற்றுவேகமானி செய்து பள்ளிக் கண்காட்சியில் வைத்தேன். இரண்டு போட்டார். பொறியியல் முடித்து முதல் வேலைக்குப் போனபோது இரண்டு. என் கல்யாணம் நின்றபோது, நான் சரியான முடிவுதான் எடுத்தேன் என்று சொல்லி, அதற்கும் இரண்டு.

"ஒண்ணு எதுக்குப்பா போடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்தா போடலாம்."

"இதுவரைக்கும் பாக்கலையா?"

"தேடிட்டுத்தானே இருக்கேன்."

ஆறு ஆண்டுகளுக்கு முன் துறை படிவத்தை மாற்றியது. அன்றிலிருந்து ஐந்துதான் சிறந்தது, ஒன்றுதான் மோசம். அப்பா மாறவில்லை. நோட்டில் பழைய கணக்கிலேயே எழுதினார். அறிக்கையைத் தட்டச்சு செய்யும்போது ஆறிலிருந்து கழித்துப் போட்டார். இரண்டு நான்காகும். ஐந்து ஒன்றாகும். இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவுக்கு நாலு என்றால் திட்டு என்பது வரைக்கும் தெரியும்.

"ஒருநாள் தப்பாப் போயிடும்ப்பா," என்று சொன்னேன்.

"நான்தானே டைப் பண்றேன்," என்றார்.

இனி ஏரிக்காரி.

அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நகரத்துக்கு வெளியே இருக்கும் ஏரியில் மிதவை ஒன்றைக் கட்டி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மணிக்கொரு தடவை அளக்கிறாள். அவளுக்கு மானியம் கிடைத்த அதே ஆண்டில்தான் எனக்கும் கிடைத்தது. என்னுடையது தூசி. பேருந்துகள் நிற்கும் இடங்களுக்கு அருகே பதினொரு மாடிகளில் பெட்டி வைத்து, காற்றில் இருக்கும் நுண்தூசியை அளக்கிறேன். பெட்டியை நானே வடிவமைத்தேன். விலை குறைவு. மழைக்கும் தாங்கும்.

நான் விண்ணப்பித்த அன்றே அப்பா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்: உறவு, ஆகையால் இந்தத் திட்டத்தை நான் பார்க்க மாட்டேன். என் திட்டம் பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. குழுவில் என் பெயர் வரும்போது அப்பா எழுந்து வெளியே போய் நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அது விதி. அலுவலக விதியை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். சாப்பிடும்போது நான் தூசி என்று வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார். "அது வேணாம்மா." அதோடு முடிந்தது.

ஆனால் ஏரிக்குத் தடை இல்லை. ஏரிக்காரி சொந்தக்காரி இல்லையே. மூன்று ஆண்டுகள் என் சாப்பாட்டு மேசையில் ஏரிதான் ஓடியது. மழை ஆரம்பித்த முதல் வாரம் ஆக்சிஜன் எப்படி விழுந்தது. அதை அந்தப் பெண் எப்படி நாலு நாள் முன்னாலேயே சொன்னாள். துடுப்புப் படகை அவளே ஓட்டுகிறாள். சென்சாரில் பாசி படியாமல் இருக்கப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்திருக்கிறாள். அந்த பிரஷைப் பற்றி மட்டும் அவர் மூன்று நாள் பேசினார். என் பெட்டியில் தூசி அடையாமல் இருக்க நான் ஒரு வடிகட்டித் தகடு செய்திருந்தேன். எட்டு மாத வேலை. அதைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது.

அம்மா கிண்டல் செய்வார். "உங்கப்பா ஏரிக்காரியைப் பாத்துட்டு வந்தா பசிக்கவே பசிக்காது. அங்க தண்ணியில என்னதான் கரைஞ்சிருக்கோ."

"ஆக்சிஜன்," என்பார் அப்பா.

"ஆமா, எனக்குத்தான் இந்த வீட்ல அது கம்மியா இருக்கு."

நான் சிரிக்க மாட்டேன். எனக்கு வயிறு எரியும். முப்பத்தேழு வயதில், சம்பளம் வாங்கும் பொறியாளருக்கு, பார்த்தே இராத ஒரு பெண்ணின் பல் தேய்க்கும் பிரஷ்மேல் பொறாமை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

என் பதினொரு பெட்டிகளில் ஒன்று, அப்பா தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. வெள்ளைப் பெட்டி. கொஞ்சம் நிமிர்ந்தால் தெரியும். நிமிர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக அவர் ஏரிக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு திரும்பினார். நன்றாக இருந்தார். இரண்டு முறை டீ கேட்டு வாங்கிக் குடித்தார். "நாளைக்கு எழுதிடணும்," என்றார். புதன்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை காலை செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். அவருடைய கடைசி நல்ல நாளை அவர் அவளுடைய ஏரியில் செலவழித்தார். இந்த வரியை நான் இருபது நாள் மனசுக்குள் எழுதி எழுதி அழித்திருக்கிறேன்.

கோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். நோட்டு கொஞ்சம் ஈரம் வாங்கிக் காய்ந்திருந்தது. அவர் வழியிலேயே கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன்.

"ஏரி. கடைசிப் பதிவு: இன்று காலை 6.10. சென்சார் சுத்தம். நடுவில் பதினொரு வாரம் அளவு சரிபார்ப்பு இல்லை. தரவைத் தானே தள்ளி வைத்திருக்கிறார். காரணம் எழுதியிருக்கிறார். மறைக்கவில்லை. 1."

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தேன். வேறு ஏதாவது எண்ணின் பாதியாக இருக்குமோ என்றுகூடப் பார்த்தேன். இல்லை. நேர்க்கோடு. கீழே ஓர் அடிக்கோடும்.

பிறகு மற்ற பக்கங்களைப் புரட்டினேன். ஏரியோடு சேர்த்து எட்டுத் திட்டங்கள். நான்குக்கு 2. இரண்டுக்கு 4. ஒன்றுக்கு 5. அந்த ஐந்து, மண் மாதிரிகளைக் குளிரில் வைக்கப் பெரிய ஃப்ரீசர் வாங்கிய ஒரு நிறுவனத்துக்கு. "ஃப்ரீசர் நிரம்பி இருக்கிறது. ஒருநாளும் காலியாக இருந்ததில்லை என்கிறார்கள். 5." அந்தக் கதையை வீட்டில் சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்கள், ஐஸ்கிரீம், யாரோ ஒருவருடைய கண் மருந்து. ஒரு பிடி மண் இல்லை.

ஒன்பதாவது திட்டம் என்னுடையது. பக்கத்து மேசைக்காரர் போட்ட மதிப்பெண் எனக்குக் கடிதத்தில் வந்திருந்தது. 3. "கருவிகள் இயங்குகின்றன. ஆவணங்கள் போதாது." மூன்றை எப்படித் திருப்பினாலும் மூன்றுதான்.

அப்பா இறந்த வாரம் ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. ஒன்பதில் ஐந்து திட்டங்களுக்கு மட்டும் இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்பு. முன்பு அப்படி இல்லை. நன்றாக இருப்பவை எல்லாம் நீளும். இப்போது ஒருவர் உள்ளே போக ஒருவர் வெளியே வர வேண்டும்.

கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் எண்களை ஆறிலிருந்து கழித்தால் ஏரி முதலிடம், நான் ஆறாவது. கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டால் ஃப்ரீசர் முதலிடம், நான் நான்காவது, ஏரி கடைசி.

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

மறுநாள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாவின் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். பிரிவு அலுவலர் நோட்டை இரு கையாலும் வாங்கினார். புரட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து முத்து மாதிரி. புரியாத இடம் ஏதாவது இருந்தா சொல்லிடுங்கம்மா. நாங்கதான் டைப் பண்ணணும்."

"தெளிவாத்தான் எழுதியிருக்காரு," என்றேன்.

பொய் இல்லை. தெளிவாகத்தான் எழுதியிருந்தார்.

அந்த வாரம் நான் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். பெட்டிகளின் தகடுகளை மாற்றினேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்மாடியிலிருந்து கீழே பார்த்தேன். அப்பா நிற்கும் கம்பம் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. அப்படியானால் அங்கிருந்து இதுவும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்காரி வீட்டுக்கு வந்தாள்.

அழைப்பு மணி அடித்ததும் நான்தான் திறந்தேன். உயரம் குறைவு. வெயிலில் கறுத்த கை. என் கற்பனையில் இன்னும் அழகாக இருந்தாள். அதுவே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நான் ஏரியில..." என்று தொடங்கினாள்.

"தெரியும். வாங்க."

அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு நீளமான உலோகக் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது என்ன என்று திறக்காமலே எனக்குத் தெரியும். அப்பாவின் தெர்மாமீட்டர். குடுவை கழுவிய காலத்தில் அவருடைய பேராசிரியர் கொடுத்தது. சின்ன வயதில் நான் அதைத் தொட்டதற்கு ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

"சார் அன்னிக்கு விட்டுட்டுப் போனாங்க. என் சென்சார் கால் டிகிரி கூடக் காட்டுதுன்னு சந்தேகம். ஒரு வாரம் இதைப் பக்கத்துல வச்சுப் பாருங்கன்னாங்க. பாத்தேன். சார் சொன்னது சரிதான். கால் டிகிரி கூட."

"நல்லாப் பாத்தீங்களா?" என்றேன். குரல் கொஞ்சம் கூர்மையாக வந்தது.

"நூத்தி அறுபது தடவை எழுதி வச்சிருக்கேன்."

அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். "உங்களைப் பத்தி வீட்ல நிறையப் பேசுவாரும்மா," என்றார்.

அவள் கோப்பையைத் தூக்கியவள் அப்படியே வைத்துவிட்டாள். "திட்டியிருப்பாங்க."

"யாரு?"

"சார். மூணு வருஷத்துல என்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லம்மா. கயிறு ஏன் நைலான்ல இல்ல. பேனா ஏன் பச்சை மை. பதினோரு வாரம் விட்டதுக்கு முகத்தைப் பாத்து ஒண்ணுமே சொல்லல. எழுதிக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. எங்க அம்மாவுக்கு அப்போ ஆஸ்பத்திரி. அதை எழுதித்தான் வச்சிருந்தேன். இருந்தாலும்..." கோப்பையை ஒரு சுற்றுத் திருப்பினாள். "மிதவை பழசாயிடுச்சு. நீட்டிப்பு இல்லன்னா கரையில இழுத்துப் போட்டுடணும். சார் எத்தனை போட்டாங்கன்னு நினைச்சா தூக்கமே வர்றதில்ல."

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு ஏதாவது தெரியும் என்று அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். நான் தெர்மாமீட்டரைத் திறந்து பாதரசத்தைப் பார்த்தேன். இருபத்தொன்பது டிகிரி.

அவள் போன பிறகு அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார். "பாவம்டி அந்தப் பொண்ணு. வீட்ல தூக்கி வச்சுக் கொண்டாடுன மனுஷன், அது முன்னாடி வாயையே திறக்கல பாரு."

"அதுதான் அவர் வழக்கம்."

"நல்ல வழக்கம். பாராட்டுறதையெல்லாம் சம்பந்தமில்லாத ஆளுகிட்ட சொல்றது. உன்னைப் பத்தி எவன்கிட்ட சொல்லி வச்சாரோ."

எனக்குக் கோபம் வந்தது. அறைக்குள் போய்விட்டேன்.

குழு கூடுவதற்கு முந்தைய நாள் அப்பாவின் மேசையில் மிச்சமிருந்த பொருள்களை எடுத்துவர அலுவலகம் போனேன். ஒரு குவளை, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு ஜோடி ரப்பர் காலணி. உதவியாளர் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். அப்பாவுக்கு இருபது ஆண்டு டீ கொண்டுவந்து கொடுத்தவர். அண்ணன் என்றே கூப்பிடுவேன்.

அவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பட்டியல் தயாராயிடுச்சும்மா. நான் சொல்லக் கூடாது. உன்னோடது உள்ள வந்துடுச்சு."

"அப்படியா."

"ஏரி கீழ போயிடுச்சு. எல்லாருக்கும் ஆச்சரியம்தான். அதைவிட இன்னொண்ணு." சிரிக்கத் தொடங்கினார். "அந்த ஃப்ரீசர் கும்பலுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காரு உங்கப்பா. நானும் கூடப் போயிருந்தேனே. உள்ள அவங்க சாப்பாட்டைத்தான் பாத்தோம். சாகப்போற நேரத்துல மனசு இளகிடுச்சு போல. இல்லேன்னா ஐஸ்கிரீம் குடுத்து மடக்கிட்டாங்களோ என்னவோ."

நல்ல மனுஷர். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் என் அப்பாவைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தேன். அலமாரியிலிருந்து அவருடைய பழைய கள நோட்டுகளை எடுத்தேன். படிவம் மாறிய பிறகு எழுதியவை ஆறு. ஒவ்வொன்றாகப் பையில் வைத்தேன்.

"எங்கடி?" என்றார் அம்மா.

"நாளைக்கு ஆபீஸ் போகணும்."

"எதுக்கு?"

"அப்பா எழுதினதைத் தலைகீழாப் படிச்சிட்டாங்க."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?"

நான் பையை இழுத்து மூடினேன். அம்மா மறுபடி கேட்கவில்லை.

காலையில் குழு தொடங்குமுன் பிரிவு அலுவலரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பட்டியலை மூடினார். நேரே தலைவரிடம் அழைத்துப் போனார். தலைவர் வயதான பேராசிரியை. மேசையைச் சுற்றி இன்னும் நான்கு பேர். நான் நின்றுகொண்டே சொன்னேன். அப்பாவின் நோட்டில் ஒன்று என்றால் சிறந்தது. பழைய நோட்டுகளையும் உங்களிடம் உள்ள பழைய அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டில் இரண்டு இருந்தால் அறிக்கையில் நான்கு இருக்கும். மூன்று இடம் பார்த்தால் போதும், ஐயமிருந்தால் முப்பது பாருங்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"நோட்டைக் குடுத்தப்போ சொல்லலையே."

"சொல்லல."

"ஏன்?"

"என் திட்டமும் பட்டியல்ல இருக்கு மேடம்."

ஒருவர் தண்ணீர் குடித்தார். தலைவர் பட்டியலை எடுத்து விரலால் கீழிறங்கிப் பார்த்தார். என் பெயரில் விரல் நின்றது.

"அப்போ நீங்க உள்ள இருக்கக் கூடாதும்மா. வெளியில உக்காருங்க."

வெளியே நடைபாதையில் மாடிப்படி ஓரம் ஒரே ஒரு நாற்காலி. மரம். ஒரு கை ஆடியது. உட்கார்ந்தேன். கதவிலிருந்து பதினொரு ஓடுகள் தள்ளி இருந்தது. எண்ணிப் பார்த்தேன். உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை.

உதவியாளர் டீ கொண்டுவந்தார். நான் பெட்டி வாங்கிப் போனது நேற்றுதான். ஒரு மாதம் ஆனது மாதிரி என்னைப் பார்த்தார்.

"இந்த நாற்காலி ஏன் அண்ணே இவ்வளவு தள்ளி இருக்கு?"

"முன்னாடி கதவை ஒட்டித்தான் கிடந்தது. உங்கப்பாதான் இழுத்துப் போட்டாரு. மூணு வருஷம் முன்னாடி, உன் திட்டம் முதல்ல குழுவுக்கு வந்த அன்னிக்கு. அங்க இருந்தா காது கேக்குதுய்யா, கேக்கக் கூடாதுன்னாரு. அரை மணி நேரம் இங்கேயே இருந்தாரு. டீ குடுத்தேன், ஆறிப்போச்சு."

"ஏதாவது சொன்னாரா?"

"என்ன சொல்வாரு. சுவத்தைப் பாத்துட்டு இருந்தாரு."

நானும் சுவரைப் பார்த்தேன். அறிவிப்புப் பலகை. பழைய சுற்றறிக்கைகள். அப்பாவாக இருந்தால் தேதிகளைப் படித்திருப்பார். ஏரி உள்ளே போக வேண்டும் என்றுதான் நான் வந்திருந்தேன். உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுக்க, அவர்கள் நம்பாமல் போனால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன. நாற்காலியை இரண்டு ஓடு கதவுப் பக்கம் நகர்த்தலாமா என்றும் யோசித்தேன். நகர்த்தவில்லை. அப்பா வைத்த இடத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது.

ஐம்பது நிமிடம் கழித்துப் பிரிவு அலுவலர் வந்தார். முப்பது இடம் பார்த்தார்களாம். எல்லாம் ஒத்துப்போனது. அப்பாவின் அறிக்கை அவர் எழுதிய மாதிரியே போகிறது. ஏரிக்கு நீட்டிப்பு. ஃப்ரீசரைத் திருப்பி வாங்கிவிடுவார்கள்.

"உங்களோடது..." என்று இழுத்தார்.

"ஆறாவது. தெரியும்."

"அடுத்த தடவை விண்ணப்பிங்கம்மா. இப்ப உறவுன்னு எதுவும்..." பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே கூப்பிடுவது போல் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

பதினொரு பெட்டிகளையும் அடுத்த மாதம் இறக்க வேண்டும். பஸ் நிறுத்தத்து எதிர்மாடிப் பெட்டியைக் கடைசியாக இறக்குவதாக இருக்கிறேன்.

அன்று மாலையே ஏரிக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்குக் கடிதம் போய்விட்டது. நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. பிரிவு அலுவலர் பாதிதான் சொல்லியிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "சார் அந்த நோட்டுல எனக்கு எத்தனை போட்டிருந்தாங்க? நீங்க பாத்திருப்பீங்களே."

தெர்மாமீட்டர் என் மேசைமேல் இருந்தது. அறை முப்பது டிகிரி.

"கள நோட்டுல இருக்கிறதை வெளியில சொல்லக் கூடாதுங்க," என்றேன். "விதி."

"ஆமால்ல. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல. கயிறை நைலான்ல மாத்திடுங்க."

அவள் சிரித்தாள். அவரைப் போலவே பேசுகிறேன் என்றாள். நான் வைத்துவிட்டேன்.

அந்த ஒன்றை அவளிடம் சொல்ல அன்று எனக்கு மனசு வரவில்லை. இன்றும் வாயால் சொல்ல வராது. அறிக்கை இப்போது அச்சாகி வெளியாகிவிட்டது, விதியும் இல்லை. அவள் இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும். ஒன்று. கீழே அடிக்கோடு. அவருடைய இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் பார்த்த ஒரே ஒன்று.